மடகாவில் ஒரு அக்கார்டியன்: போகலாமா, விட்டுவிடலாமா?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மூன்று ஏக்கர் குத்தகை சாகுபடி, முகூர்த்தம் திருவிழா என்று வந்தால் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. பழைய பாட்டுக்காகவே எங்களைக் கூப்பிடுகிறார்கள். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டில் வருகிற அக்கார்டியன் (தோளில் மாட்டி, துருத்தியை இழுத்துத் தள்ளி வாசிக்கிற பெட்டி) துண்டுகளை இத்தனை வருஷமாகக் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்பேற்றி வருகிறேன். கேட்கிற சனம் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் பல் போனவன் முறுக்கு தின்கிற மாதிரி இருக்கிறது.

பழைய சாமான் விற்கிற தளம் ஒன்றில் போன வாரம் ஒரு வெல்ட்மைஸ்டர் கம்பெனி அக்கார்டியன் கண்ணில் பட்டது. 120 பேஸ் (இடது கைக்கு 120 பொத்தான்), சிவப்பு நிறம், பெட்டியோடு 55,000. விற்பவர் இருப்பது கோவாவில், மடகாவ். அவருடைய அப்பா ஓட்டல்களில் வாசித்தவராம், காலமாகி நாலு வருஷம் ஆகிறதாம். வேளாங்கண்ணியிலிருந்து வாஸ்கோவுக்கு வாரம் ஒரு வண்டி போகிறது, மடகாவ் வழியாகத்தான். வாரத்துக்கு ஒன்று என்பதால் திரும்புவதற்கு வேறு வண்டி மாறி மாறித்தான் வர வேண்டும். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு என்று ஆறாயிரமாவது ஆகும், நாலைந்து நாளும் போகும். குறுவை நட்டாயிற்று, களையெடுப்புக்கு முன் கொஞ்சம் ஓய்வு. ஆனால் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டியிருக்கிறது, வீட்டில் அதைத்தான் தினமும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிஜ அக்கார்டியனை இதுவரை நான் தோளில் மாட்டியதே இல்லை. போகலாமா?

மன்னை டீக்கடை:
முதலில் ஆள் நிஜமா பாருங்கள் அண்ணே. "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் ஆகிவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன், ஐயாயிரம் மட்டும் போடுங்கள்" என்று சொன்னால் அப்படியே போனை வைத்துவிடுங்கள். என் மச்சான் ஒரு பழைய கேமராவுக்கு இப்படிப் போட்ட பணம் இன்றுவரை வரவில்லை, கேமராவும் வரவில்லை.

வெண்ணாற்றங்கரை:
ஆள் நிஜம்தான். வீடியோவில் பேசினேன். அரை ஆங்கிலம் அரை இந்தி. அப்பாவின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக் காட்டினார், அதிலும் இதே சிவப்புப் பெட்டிதான் மடியில் இருக்கிறது. பணம் முன்னால் கேட்கவில்லை. "வந்து பார்த்து எடுத்துப் போங்கள்" என்கிறார். அதுதான் குழப்பம்.

அவர் கொஞ்சம் வாசித்தும் காட்டினார், வாசிக்கத் தெரியாமல் கட்டைகளை அமுக்கினார் என்று வையுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் அலை மாதிரி நடுங்குகிறது. சுருதி போயிருக்கிறதோ?

மெழுகும் எஃகும்:
திருச்சியிலிருந்து. இருபது வருஷமாக ஹார்மோனியம் பழுது பார்க்கிறேன், நடுவில் ஆறேழு அக்கார்டியனும் திறந்திருக்கிறேன், அதனால் நான் சொல்வதை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கம் பழுது இல்லை. அதற்கு மியூசெட் என்று பெயர். ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு (காற்றில் அதிர்கிற உலோக நாக்கு) வைத்து ஒன்றை வேண்டுமென்றே இம்மி ஏற்றி விடுவார்கள், இரண்டும் மோதும்போது அந்த அலை வரும். நீங்கள் பழைய பாட்டில் கேட்டு மயங்கினதே அந்த நடுக்கத்தைத்தான். ஆனால் வேண்டுமென்று வைத்த நடுக்கமா, வயசாகி வந்த நடுக்கமா என்பது வேறு கேள்வி. மேலே இருக்கிற ஸ்விட்சுகளில் ஒரே ஒரு புள்ளி போட்டது இருக்கும், அதை அமுக்கினால் ஒற்றை ரீடு மட்டும் பேசும். அதில் வைத்து ஒவ்வொரு கட்டையாகக் கேட்க வேண்டும், துருத்தியைத் திறக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை. ஹார்மோனியக்காரர்கள் தவறவிடுகிற இடம் இது. நம் பெட்டியில் காற்று ஒரே திசையில்தான் போகும். அக்கார்டியனில் இழுப்புக்கு ஒரு நாக்கு, தள்ளலுக்கு ஒரு நாக்கு. 41 கட்டை, கட்டைக்கு நாலு ரீடு வரிசை, திசைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் வலது பக்கத்தில் மட்டும் 328 நாக்கு வரும். இடது பக்கம் தனி.

அடுத்தது துரு. ஹார்மோனிய ரீடு பித்தளை, அக்கார்டியன் ரீடு எஃகு. கடலோர ஊரில் நாலு வருஷம் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். துருப்பிடித்த நாக்கு சுருதி இறங்கும், சுரண்டிச் சரிசெய்யலாம், ஆனால் 328 நாக்கையும் யார் உட்கார்ந்து சுரண்டுவது? அப்புறம் மெழுகு. ரீடு தகடுகளை உள்ளே மரச் சட்டத்தில் ஒட்டி வைத்திருப்பது தேன்மெழுகும் ரோசினும் (பைன் மரப் பிசின்) கலந்த பசை. பழசானால் காய்ந்து வெடிக்கும், வெயிலில் வைத்தால் இளகித் தகடு நழுவும். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. கடைசியாக எப்போது யார் திறந்தார்கள் என்பதுதான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
1829இல் வியன்னாவில் டெமியான் என்பவர் காப்புரிமை வாங்கிய கருவி இது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கார்டு (பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பது) முழுதாகக் கேட்கும் என்பதால்தான் அக்கார்டியன் என்று பெயர் வைத்தார். நம் சங்கீதத்துக்கு இது ஒத்துவராது தம்பி. கமகம் வராத பெட்டி என்று ஹார்மோனியத்தையே வானொலியில் 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 55,000க்கு நல்ல வீணை வாங்கலாம்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, கல்யாண ரிசப்ஷனில் வீணை வாசித்தால் சோறு போடாமல் அனுப்பிவிடுவார்கள்.

கொள்ளிடம் பேஸ் கிட்டார்:
நான் வேறு குழு, ஆனால் அதே பிழைப்பு. அண்ணே உங்களுக்கு எதற்கு 120? மேடையில் பேஸ் கிட்டார் இருக்கிறது, தபலா இருக்கிறது. இடது கை துருத்தியை இழுக்கத்தான், 120 பொத்தானில் நாலைக்கூடத் தொட மாட்டீர்கள். வெறும் சுமை. பத்துப் பன்னிரண்டு கிலோவை இரண்டரை மணி நேரம் நெஞ்சில் கட்டிக்கொண்டு நிற்பது உங்கள் வயசில் நடக்கிற காரியமா? 48 பேஸ் வாங்குங்கள், பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எடை வரும்.

மெழுகும் எஃகும்:
நியாயமான கேள்வி, ஆனால் 48 பேஸ் வாங்கினால் வலது பக்கமும் சுருங்கிவிடும். பெரும்பாலும் 26 கட்டைதான் இருக்கும், இரண்டு ஸ்தாயிக்கு ஒன்று கூட. 72 பேஸ் என்றால் 34. சினிமாப் பாட்டுத் துண்டுகள் மேல் ஸ்தாயியில் ஓடுகிற ஓட்டத்துக்கு 26 போதாது.

நாகை ஆல்டோ:
அண்ணா, நான் நாகப்பட்டினத்தில் ஒரு கோயில் பாடகர் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் 72 பேஸ் ஹோனர் அக்கார்டியன் ஒன்று இருக்கிறது. வாசித்துக்கொண்டிருந்த பெரியவருக்கு முதுகு வலி, கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் இப்போது வெளியே வருகிறது. கோவா போவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இங்கே வந்து அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். தோள் தாங்குமா என்பது கோவாவில் போய்த் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லையே. பஸ்ஸில் வந்து போகிற தூரம்தான்.

மன்னை டீக்கடை:
இதைத்தான் முதல் ஆளாக யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
நாகை போய் வந்தேன். தங்கச்சிக்கு ரொம்ப நன்றி, அந்தப் பெரியவருக்கும்.

விவரமாக எழுதுகிறேன், என்னைப் போல யாராவது பின்னால் படிப்பார்கள். முதல் பத்து நிமிஷம் வாசிக்கவே முடியவில்லை. கீபோர்டு படுத்திருக்கும், இது நிற்கிறது, கட்டை கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். துருத்தி இழுக்கிற நேரமும் பாட்டின் மூச்சும் ஒத்துவரவில்லை, வரி நடுவில் காற்று தீர்ந்துபோகிறது. இடது பக்கம் நடுவில் ஒரு பொத்தானில் மட்டும் சின்னக் குழி இருக்கிறது. "அதுதான் சி ஸ்வரம், இருட்டில் வீட்டு வாசல்படி மாதிரி, அங்கிருந்து வழி கண்டுபிடித்துக்கொள்" என்றார் பெரியவர். சட்டை முதுகில் இரண்டு வார் போட்ட இடமும் நனைந்து கோடாகத் தெரிந்தது. பதினைந்தாவது நிமிஷம் ஒரு பழைய பல்லவியை மெதுவாக எடுத்தேன். ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு துருத்தியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் சத்தம் வயிற்றிலிருந்து எழும்பி வருகிறது. கீபோர்டில் இது எனக்குக் கிடைத்ததே இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மின்விசிறியை நிறுத்தினார், அது வேறு சுருதியில் முனகிக்கொண்டிருந்ததாம்.

ஆக, 34 கட்டை எனக்குப் போதவில்லை, மேலே இரண்டு இடத்தில் விரல் விளிம்பில் முட்டியது. 41தான் வேண்டும். எடையை உட்கார்ந்து வாசித்தால் தாங்கலாம் என்று நினைக்கிறேன். பேஸ் கிட்டார் தம்பி சொன்னதும் சரிதான், இடது கை சும்மாதான் இருந்தது.

மெழுகும் எஃகும்:
இப்போது பேசலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதிச் சோதனையை முடித்துவிடலாம், அதில் தேறினால் மட்டும் ரயில் ஏறுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நீண்ட ஸ்வரம் பிடித்தால் போன் அதை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், நல்ல ரீடும் செத்த மாதிரிக் கேட்கும். தனியாக ரெக்கார்ட் செய்து ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள். ஒற்றை ரீடு ஸ்விட்சில் கீழிருந்து மேலாக எல்லாக் கட்டையும், இழுத்து ஒன்று, தள்ளி ஒன்று. பக்கத்தில் இன்னொரு போனில் சுருதி காட்டுகிற ட்யூனர் ஓடட்டும். ஏ ஸ்வரத்துக்கு 440 காட்டுகிறதா, கொஞ்சம் ஏறின சுருதியாக 442 காட்டுகிறதா பாருங்கள். 442 ஆக இருந்தால் உங்கள் கீபோர்டை அதற்கு ஏற்றிக்கொள்ளலாம், புல்லாங்குழல்காரர்தான் முனகுவார்.

துருத்திக்கு ஒரே சோதனை. வார் இரண்டையும் அவிழ்த்து, கட்டை இருக்கிற பக்கத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, பொத்தான் எதையும் தொடாமல் பேஸ் பக்கத்தைத் தானாகத் தொங்க விட வேண்டும். கீழே யாராவது கை வைத்திருக்கட்டும். மெல்ல மெல்ல இறங்கினால் நல்லது. கிணற்று வாளி மாதிரி விழுந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. அதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
எல்லாம் கேட்டு அனுப்பினேன். துருத்தி நன்றாக இறங்குகிறது, எண்ணிப் பார்த்தேன், பாதி இறங்குவதற்கே ஆறேழு எண்ணிக்கை. வலது பக்கத்தில் ஒரு கட்டை இழுத்தால் பேசுகிறது, தள்ளினால் வெறும் காற்று. மற்றதெல்லாம் காதுக்குப் பரவாயில்லை, ட்யூனர் 442 பக்கம்தான் நிற்கிறது. திறந்து உள்ளே போட்டோ எடுக்கக் கேட்டேன். அதற்கு மட்டும் பயப்படுகிறார். "அப்பா யாரையும் திறக்க விட்டதில்லை" என்கிறார்.

கொள்ளிடம் பேஸ் கிட்டார்:
அங்கேதான் விஷயம் இருக்கும்.

மெழுகும் எஃகும்:
அவசரப்பட வேண்டாம். தெரியாத ஆள் துருத்தியைப் பெட்டியோடு பிடித்திருக்கிற ஊசிகளை உருவித் திறந்து பழுதாக்கி, அப்புறம் அது உங்கள் தலையில் விழுவதைவிட இது மேல். ஒரு பக்கம் பேசாத கட்டை பல நேரம் சின்ன விஷயம்தான். ரீடு மேல் காற்றை அடைக்கிற தோல் வால்வு சுருண்டிருக்கும், இல்லையென்றால் ஒரு துணுக்கு சிக்கியிருக்கும். ஆனால் உள்ளே பார்க்காமல் 55,000 தரச் சொல்ல மாட்டேன். பாதி விலைக்குக் கேளுங்கள், அல்லது போய்ப் பாருங்கள்.

நாகை ஆல்டோ:
ஒரு யோசனை. கோவாக்காரர்கள் வருஷா வருஷம் வேளாங்கண்ணி வருகிறார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. கொங்கணியிலேயே திருப்பலி நடக்கும். நீங்கள் சொன்ன வண்டியிலேதான் வருவார்கள். விற்கிறவர் குடும்பத்தில் யாராவது வருகிறார்களா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

மன்னை டீக்கடை:
அட!

வெண்ணாற்றங்கரை:
நேற்று இரவு கேட்டேன். சிரித்துவிட்டார். அவருடைய அக்கா குடும்பம் வருஷம் தவறாமல் வருகிறதாம், இந்தத் தடவையும் டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் பெட்டியோடு சேர்த்துப் பதினைந்து கிலோவைத் தூக்கி வந்து, நான் வேண்டாம் என்றால் திரும்பவும் தூக்கிப் போக வேண்டுமே என்று அக்கா முறுக்கிக்கொள்கிறார். பத்தாயிரம் முன்பணம் போட்டால் கொண்டுவருகிறாராம். போடலாமா?

மன்னை டீக்கடை:
போடாதீர்கள். திரும்பவும் அதே கதை.

கொள்ளிடம் பேஸ் கிட்டார்:
நீங்கள் போனால் ஆறாயிரம் போகும், நாலு நாள் போகும், வாங்காமல் வந்தாலும் போகும். அதில் பாதியை முன்பணமாகப் போட்டு, பிடிக்காவிட்டால் சுமை கூலி என்று அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று பேசுங்கள். அக்காவும் நியாயமாகத்தான் கேட்கிறார்.

வெண்ணாற்றங்கரை:
மூவாயிரத்துக்குப் பேசி முடித்தேன். மேற்கொண்டு ஒன்று சொன்னேன். பெட்டியை சீட்டுக்கு அடியில் வையுங்கள், வெயில் படுகிற ஜன்னல் ஓரம் வேண்டாம், காரில் அடைத்து வைக்க வேண்டாம் என்று. "எங்கள் அப்பா பெட்டியை எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. வாயை மூடிக்கொண்டேன்.

மெழுகும் எஃகும்:
திருவிழாக் கூட்டத்தில் லாட்ஜில் வைத்துப் பார்க்காதீர்கள். மைக் செட் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நாகை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, அந்தப் பாடகர் குழு அறை கிடைத்தால் அங்கே கொண்டுபோங்கள். நான் வீடியோவில் இருக்கிறேன். சின்னக் குறடு, டார்ச், வெள்ளைத் துணி, ஊசிகளைப் போட ஒரு கிண்ணம். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஊசி வந்தது என்று வரிசையாக வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
வாங்கிவிட்டேன். தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள், குறுவை அறுப்பு நடுவில் வந்துவிட்டது.

பெருவிழாவுக்கு மறுநாள் மத்தியானம் நாகையில் பார்த்தோம். அக்கா, அவர் கணவர், இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், எல்லோரும் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் ஊசியை உருவும்போது ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற மாதிரி இருந்தது. திறந்ததும் முதலில் வந்தது பாச்சை உருண்டை வாசனை. நாலைந்து உருண்டை துருத்தி மடிப்புக்குள் பாதி கரைந்து கிடந்தன. ரீடு தகடுகளில் ஓரமாகத் துரு, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற அளவு. பேசாத கட்டைக்குத் தோல் வால்வு சுருண்டு வெற்றிலைச் சுருள் மாதிரி நின்றது, திருச்சி அண்ணன் சொன்னதேதான். மெழுகை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உளுத்தம் அப்பளம் மாதிரி ஒரு சில்லு தெறித்து விழுந்தது. வலது பக்கத்தில் இரண்டு வரிசை அப்படி. போனில் அண்ணன் முகம் மாறினதை அக்காவும் பார்த்துவிட்டார். பேஸ் பக்கத்தில் மூன்று பொத்தான் உள்ளே போய் எழும்பவில்லை.

அக்கா வெளியே போய்த் தம்பியிடம் கொங்கணியில் கால் மணி நேரம் பேசினார். உள்ளே வந்து, முன்பணம் போக 38,000 கொடுங்கள் என்றார், மொத்தம் 41,000. நான் பேரம் பேசவே இல்லை, நிஜமாக. கிளம்பும் முன் ஏதாவது வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், வலது கை மட்டும். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்பா இதைவிட வேகமாக வாசிப்பார்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

கொள்ளிடம் பேஸ் கிட்டார்:
மோட்டார் என்ன ஆயிற்று?

வெண்ணாற்றங்கரை:
சம்பாவுக்குள் கட்டிவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இப்போது பக்கத்து வயல்காரர் மோட்டாரில்தான் ஓடுகிறது, அது தனிக் கதை.

திருச்சி அண்ணனுக்கு ஒரு கேள்வி. அந்த இரண்டு வரிசைக்கு மெழுகு மாற்ற நீங்கள் தேதி கொடுத்தால் கொண்டுவருகிறேன். நல்ல தேன்மெழுகு எங்கே கிடைக்கும்? இங்கே கடையில் கேட்டால் மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுக்கிறார்கள்.

மெழுகும் எஃகும்:
கும்பகோணம் பக்கத்தில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே! சுவாமிமலை போங்கள். ஐம்பொன் சிலை வார்க்கிற ஸ்தபதிகள் முதலில் மெழுகில்தான் சிலை செய்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாத தேன்மெழுகா? ஆனால் அவர்கள் குங்கிலியம் கலந்து பக்குவம் செய்து வைத்திருப்பார்கள், அது சிலைக்கு, நமக்கு வேண்டாம். கலக்காத மெழுகாகக் கால் கிலோ கேட்டு வாங்குங்கள். ரோசின் என்னிடம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்துவிடுங்கள், ஈரத்தில் எஃகைத் திறந்து வைக்க எனக்கு மனசு வராது.

நாகை ஆல்டோ:
அண்ணா, எங்கள் ஹோனருக்கும் ஒரு வரிசை அப்படித்தான் இருக்கிறது என்று பெரியவர் சொல்கிறார். அரை கிலோவாக வாங்கிவிடுங்கள், காசு அனுப்பிவிடுகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
சரி. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.